பெண்களின் இனப்பெருக்க உறுப்புப் புற்றுநோயும் நிறைவுறாத பராமரிப்புத் தேவைகளும்: மல்லசமுத்திரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கருப்பை வாய், கருப்பை, சூலகம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் பெண்ணின் உடலோடு அவளது உழைப்பையும் இல்லற உறவையும் பாதிக்கிறது. தமிழகத்தில் இந்நோய்க்கு எதிரான முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் மருத்துவமனைகளின் வரலாறாகவே அறியப்படுகிறது. சிகிச்சையைச் சூழ்ந்த பராமரிப்பு அவ்வரலாற்றில் பெற்ற இடத்தை, நாமக்கல் மாவட்டத்தின் மல்லசமுத்திரம் போன்ற சிற்றூர்களின் நிலையிலிருந்து இக்கட்டுரை ஆராய்கிறது.

சிகிச்சையும் கண்டறிதலும்

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கப்பெற்றது. நோயாளி மருத்துவமனையை நாடி வருவதே அன்றைய நடைமுறை. அரை நூற்றாண்டுக்குப் பின் சோதனை சிற்றூர்களுக்கே சென்றது. 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பார்வையிடும் எளிய முறை கையாளப்பட்டது. தகுதியுடைய 49,311 பெண்களுள் 31,343 பேர் சோதனை செய்துகொண்டனர். சோதனை வழங்கப்பட்ட பிரிவில் நோய் நிகழ்வு 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. இச்சாதனை பெரிது. எனினும், அதன் முதன்மை அளவுகோல்கள் நோய் நிகழ்வும் இறப்புமே. பிழைத்த பெண் எவ்வாறு வாழ்ந்தாள் என்பது அவ்வளவுகோல்களுக்கு அப்பாற்பட்டது.

நிறைவுறாத தேவைகள்

மல்லசமுத்திரம் அமைந்துள்ள திருச்செங்கோடு வட்டாரம் வேளாண்மையையும் விசைத்தறியையும் சார்ந்தது. முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் புறக்கதிர்வீச்சு பொதுவாக வாரத்திற்கு ஐந்து நாளாக, ஐந்து வாரங்கள் அளவில் தரப்படுகிறது; அதனைத் தொடர்ந்து அகக்கதிர்வீச்சும் உண்டு. கூலித் தொழிலாளியான பெண்ணுக்கு இது வருவாய் இழப்பாகிறது. துணைக்குச் செல்பவருக்கும் அவ்வாறே. சிகிச்சைக்குப் பின் நேரும் யோனிக் குறுக்கம், முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தம், சிறுநீர்க் கோளாறு, கால் வீக்கம் ஆகியவை நாணத்தால் மறைக்கப்படுகின்றன. கேட்பாரின்மையால் அவை மருத்துவக் குறிப்பேட்டிலும் இடம்பெறாமல் போகின்றன.

வலி தணிப்பிலும் தடை நீடித்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையான உரிம விதிகள் மார்ஃபின் கிடைப்பதை அரிதாக்கின. 2014ஆம் ஆண்டின் திருத்தமே அவற்றை எளிமைப்படுத்தியது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோய் தணிப்புப் பராமரிப்பை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தது. 2022இல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவற்றால் பராமரிப்பு நோயாளியின் ஊரை நெருங்கியது. ஆயினும், இல்லற வாழ்வு பற்றிய அறிவுரையும் மனநல ஆதரவும் வருவாய்ப் பாதுகாப்பும் சிகிச்சையின் உறுப்புகளாக இன்னும் நிலைபெறவில்லை. அச்சுமை தாய், மகள், மருமகள் ஆகியோரின் ஊதியமற்ற உழைப்பின்மீதே விழுகிறது.

முடிவுரை

முதலில் சிகிச்சை, பின்னர் கண்டறிதல், இறுதியில் பராமரிப்பு என்னும் வரிசையிலேயே பொதுநலக் கவனம் விரிந்துள்ளது. எதனைக் கணக்கிடுகிறோமோ அதற்கே நிதியும் பணியாளரும் ஒதுக்கப்படுகின்றனர். ஆகவே, பிழைத்த பெண்களின் தேவைகளையும் அவர்தம் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவுசெய்வது, இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்திற்கு இன்றியமையாததாகும்.