சைக்கிளுக்குச் சாலையில் எந்த இடம்?



ஷிப்டு மாறும் நேரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காரில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். சைக்கிளில் வரும் தொழிலாளி தார் விளிம்பை ஒட்டியே வருவார். பின்னால் ஹாரன் கேட்டால் மண்ணில் இறங்கிவிடுவார். "ஓரமாப் போப்பா" என்பது நமக்குப் பழகிப்போன சொல். ஆனால் ஓரம்தான் சைக்கிளுக்குப் பாதுகாப்பான இடமா?

நம் மாவட்டத்துக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் அதன் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஊரெங்கும் போயின. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அம்பத்தூரும் நம்மோடுதான் இருந்தது. 2018-ல்தான் சென்னை மாவட்டத்துக்குப் போனது.

சைக்கிளின் இடம் பற்றிய வழக்கு அதற்கும் முந்தையது. 1934 டிசம்பரில் லண்டன் வெஸ்டர்ன் அவென்யூவில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை திறந்தார்கள். சைக்கிள் சங்கத்தாரே அதை எதிர்த்தார்கள். தனிப்பாதை தந்துவிட்டுப் பிறகு பொதுச் சாலைக்கே வரக்கூடாது என்பார்களோ என்பது அவர்கள் பயம்.

நம் நாட்டில் 1962-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஒரு கணக்கு வகுத்தது. நெரிசல் நேரத்தில் மணிக்கு 400 சைக்கிள்களும் 100 முதல் 200 மோட்டார் வண்டிகளும் ஓடினால் தனிப்பாதை வேண்டும். மோட்டார் வண்டிகள் 200-ஐத் தாண்டினால் 100 சைக்கிள் இருந்தாலே போதும். அந்த 200 இன்று நம் சாலையில் சில நிமிடங்களில் போய்விடும். தனிப்பாதை எங்கே?

2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள், 2005-06-ல் அரசு, உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிந்தது. வண்டி கொடுத்தாயிற்று, அது ஓட இடம் கொடுக்கவில்லை.

ஓரத்தில் என்ன இருக்கிறது? சரளை, பள்ளம், நிறுத்திய லாரி, சட்டென்று திறக்கும் கார் கதவு. விளிம்போடு ஒட்டிப் போகிற பிள்ளை, லாரியைச் சுற்றத் திடீரென்று வெளியே வரும்போது பின்னால் வருகிறவர் எதிர்பார்ப்பதில்லை. 2022 ஜனவரியில் திருத்திய பிரிட்டிஷ் சாலை விதி இதைத்தான் சொல்கிறது: அமைதியான தெருவிலும் சந்திப்பை நெருங்கும்போதும் தடத்தின் நடுவில் ஓட்டலாம், வேகமான சாலையில் விளிம்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், முந்தும் கார் ஒன்றரை மீட்டராவது இடம் விட வேண்டும்.

இது கொல்கத்தா நெடுஞ்சாலைக்கு அப்படியே பொருந்தாது. லாரிகள் பறக்கும் அங்கே சைக்கிளுக்கு சர்வீஸ் ரோடுதான் இடம். ஆனால் நம் உள்தெருக்களுக்கும் பள்ளிக்கூடத் தெருவுக்கும் தாராளமாகப் பொருந்தும்.

ஆகவே, கார் வைத்திருப்போரே, முன்னால் போகும் சைக்கிள் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி ஓடினால் அது திமிர் அல்ல, தற்காப்பு. ஹாரனை விட்டு பிரேக்கில் கால் வையுங்கள். பெற்றோரே, நேர்கோட்டில் ஓட்டவும், திரும்புமுன் பின்னால் பார்த்துக் கை காட்டவும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாள் காலை ஒரு மணி நேரம் நம் கேட்டருகே சைக்கிள்களையும் மோட்டார் வண்டிகளையும் எண்ணுவோம். 1962 கணக்கோடு சேர்த்து மனுவாக நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுப்போம். எண்ணும் வேலைக்கு நான் வருகிறேன். இன்னும் நாலு பேர் வந்தால் போதும்.