துளையும் நோயும்: உதரவிதான ஹெர்னியாவில் அறுவைக்கான முகாந்திரம்

உதரவிதான ஹெர்னியாவைக் கையாளும் அறுவை மரபில் ஒரு பழைய சாய்வு உண்டு: துளை தெரிந்தால் அடைத்துவிட வேண்டும். வயிற்றில் இருக்க வேண்டிய உறுப்பு மார்புக்குள் ஏறிக் கிடப்பதைப் படத்தில் கண்ட மருத்துவருக்கு அதை விட்டுவைக்க மனம் வருவதில்லை. ஆனால் அந்தச் சாய்வு சான்றுகளைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. படத்தில் தெரியும் இடப்பெயர்ச்சியை மட்டும் வைத்து அறுவையை முடிவு செய்வதும், அதே படத்தைக் கொண்டு அறுவையின் வெற்றியை அளப்பதும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உணவுக்குழாய் உதரவிதானத்தைக் கடக்கும் வாயிலில் உண்டாகும் ஹயாட்டஸ் ஹெர்னியாவின் நான்கு வகைகளில் முதல் வகையைப் பற்றி இன்று பெரிய தகராறு இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடம் வழுக்கி மேலேறும் இந்த வகையே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் காணப்படுகிறது. இங்கே சிகிச்சை துளைக்கு அன்று, மேலேறும் அமிலத்துக்கு. ருடால்ஃப் நிஸ்ஸன் 1955-இல் பாசலில் செய்த, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் அறுவையும், 1991-இல் அது லேப்ராஸ்கோப்பிக்கு மாறியதும் அந்த நோக்கத்தையே சேர்ந்தவை. தகராறு மற்ற மூன்று வகைகளில்தான்; அவற்றில் இரைப்பை உணவுக்குழாயின் பக்கமாக மார்புக்குள் புகுகிறது, சில நேரம் முறுக்கிக்கொள்கிறது.

ஸ்கின்னரும் பெல்சியும் 1967-இல் 1,030 நோயாளிகளைப் பற்றிய நீண்டகால ஆய்வொன்றை வெளியிட்டனர். அதிகத் தொல்லை இல்லாததால் அறுவை செய்யாமல் விட்ட 21 பேரில் 6 பேர் ஹெர்னியாவின் சிக்கல்களால் இறந்தார்கள் என்று அதில் ஒரு குறிப்பு வருகிறது. பக்கவாட்டு ஹெர்னியா எல்லாவற்றையும் கண்டவுடன் அறுவை செய்ய வேண்டும் என்ற விதி பெருமளவுக்கு இந்த எண்ணின் மேல்தான் எழுந்தது. 21-இல் 6 என்பதன் 95 விழுக்காட்டு நம்பக எல்லையைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 11 முதல் 52 விழுக்காடு வரை விரிகிறது. இவ்வளவு அகன்ற எல்லையை விதியாக்குவது துணிச்சல்தான். மேலும் அந்த 21 பேரும் நிபுணர் மையத்தைத் தேடி வந்தவர்கள். வேறு காரணத்துக்காக எடுத்த சிடி ஸ்கேனில் தற்செயலாக ஹெர்னியா தென்படும் இன்றைய முதியவரை அவர்களோடு ஒப்பிட முடியாது.

ஸ்டைலோபுலோஸ் குழு 2002-இல் ஒரு கணித மாதிரியின் வழியே இதை மறுபரிசீலனை செய்தது. அறிகுறி இல்லாதவர்களுக்கும் சிறிதளவே இருப்பவர்களுக்கும் அவசர அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஆண்டுக்கு 1.1 விழுக்காடு, திட்டமிட்ட அறுவையின் இறப்போ 1.4 விழுக்காடு. கண்காணித்து வருவதே 83 விழுக்காட்டினருக்கு நல்லது என்று அவர்கள் முடித்தார்கள். அறுவையின் ஆபத்து குறையக் குறைய இந்தத் தராசு மாறும். அதனால்தான் 2018-இல் வந்த இரு கணக்கீடுகளில் ஒன்று கண்காணிப்பையும் மற்றது அறுவையையும் ஆதரித்தன.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ‘அறிகுறி இல்லாதவர்’ என்ற ஒரு வகுப்பை நம்பி நிற்கிறது. என் ஐயம் அங்கேதான். இரைப்பை பாதி மார்புக்குள் போன முதியவர், ஒரு கவளம் சாப்பிட்டதும் நெஞ்சு அடைப்பதை வயதின் குற்றம் என்று எடுத்துக்கொண்டு உணவைக் குறைத்திருப்பார். படியேறினால் மூச்சு வாங்குவதை இதயத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகைக்குப் பெருங்குடல் வரை தேடிப் பார்த்திருப்பார்கள். உண்மைக் காரணம், உதரவிதானம் அழுத்தும் இடத்தில் இரைப்பையின் உட்சுவரில் விழுந்த கேமரன் புண்ணாக இருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் அந்த இடத்தைத் தேடிப் பார்க்காவிட்டால் அது எளிதில் தப்பிவிடும். ஆகவே நோயறிதலின் பெரும்பகுதி வடிவத்தைக் காட்டும் பேரியம் எக்ஸ்ரேயிலோ சிடியிலோ இல்லை; நோயாளியிடம் பொறுமையாகக் கேட்பதிலும் ஒரு ஹீமோகுளோபின் சோதனையிலும் இருக்கிறது. உணவுக்குழாயின் அசைவை அளக்கும் மேனோமெட்ரி, மடிப்பை முழுச் சுற்றாகத் தைப்பதா பாதியாகவா என்ற அடுத்த கேள்விக்கு உதவும். மேல்வயிற்றில் கடும் வலி, வாந்தி வராத ஓங்கரிப்பு, மூக்குவழிக் குழாய் இரைப்பைக்குள் இறங்க மறுப்பது என்று போர்க்கார்ட் 1904-இல் சொன்ன மூன்றும் சேர்ந்துவிட்டால் இந்த விவாதத்துக்கே இடமில்லை, அன்றே அறுவை.

அறுவைக்குப் பிந்தைய மதிப்பீட்டிலும் படம் ஏமாற்றுகிறது. உயிரியல் வலை வைத்துத் தைப்பதால் பயன் உண்டா என்று 108 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்தில் வலை வைத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் வைக்காதவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் ஹெர்னியா திரும்பியிருந்தது. வலை வென்றதாகவே தோன்றியது. ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் 54, 59 என்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. இதைவிட முக்கியமானது வேறு: பாதிப் பேருக்குமேல் படத்தில் ‘தோற்ற’ அந்த அறுவைக்குப் பின்னும் பெரும்பாலோரின் தொல்லைகள் தணிந்தே இருந்தன, மறு அறுவைக்குப் போனவர்கள் வெகு சிலர்.

பிறவி ஹெர்னியாவின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைக்கு கிராஸ் வெற்றிகரமாகச் செய்த அறுவை 1946-இல் வெளியானபின், நள்ளிரவிலும் ஓடிப்போய்த் துளையை அடைப்பது வழக்கமாயிற்று. உண்மையில் குழந்தையைக் கொல்வது வளராத நுரையீரலும் அதன் தமனிகளின் உயர் அழுத்தமும். 1980-களிலிருந்து முதலில் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்திவிட்டுப் பிறகு தைக்கிறார்கள்.

இந்த வாதம் செல்லாத இடம் ஒன்று உண்டு: காயத்தால் வரும் கிழிசல். 16-ஆம் நூற்றாண்டில் அம்புவாஸ் பாரே விவரித்த பிரெஞ்சு பீரங்கிப்படைத் தலைவர், குண்டடிபட்டு எட்டு மாதம் கழித்துக் குடல் சிக்கி இறந்தார். அவரது உதரவிதானத்தில் இருந்த துளையில் சுண்டுவிரல் நுனிதான் நுழைந்தது. துளை சிறிதானால் ஹெர்னியாவின் கழுத்தும் இறுகும். ஒவ்வொரு மூச்சும் வயிற்று உறுப்புகளை மார்பை நோக்கி இழுப்பதால் அது தானாக ஆறுவதும் அரிது. இத்தகைய சிறு கிழிசல்களை சிடி தவறவிடுகிறது. எனவே இடப்பக்கக் கீழ்மார்பில் கத்திக்குத்து வாங்கியவர் நிலையாக இருந்தாலும், வலியில்லை என்றாலும், படம் சுத்தமாக இருந்தாலும், லேப்ராஸ்கோப்பி வழியே உதரவிதானத்தை நேரில் பார்த்து, கிழிசல் இருந்தால் அப்போதே தைத்துவிடுவதுதான் முறை.