கோடம்பாக்கத்து மனக்கோட்டைகள்

1948-இல் ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. வாஹினி முதலிய படப்பிடிப்புத் தளங்களும் அக்கம்பக்கத்தில் எழ, வடபழனி வரையிலான பகுதி சினிமா ஆசையில் ரயிலேறி வந்தவர்களின் ஊரானது. வாய்ப்புக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு மனக்கோட்டையே பாதி வாழ்க்கை. அதைச் சினிமாக்காரர்களே கேலியும் செய்தார்கள். 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு, எடுக்காத படத்தின் கதையைச் சொல்லித் தந்தை பாலையாவை நடுநடுங்க வைப்பார். நாகேஷ் ஏற்ற அந்தச் செல்லப்பா பாத்திரத்தை நோயாளி என்று எவரும் கருதவில்லை, கருதத் தேவையுமில்லை.

உளவியலும் பகற்கனவை நெடுநாள் அப்படித்தான் பார்த்தது. ஃபிராய்ட் 1908-இல் பகற்கனவை எழுத்தாளரின் கற்பனையோடு இணைத்தார். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் சிங்கர் அது எல்லோருக்கும் இயல்பானது என்றார். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்து எலி சோமர்தான் 2002-இல், ஆறு பேரை ஆராய்ந்து, வாழ்க்கையைக் கெடுக்கும் பகற்கனவைத் தனியே பிரித்துப் பெயரிட்டார். கதைமாந்தர்களோடு மணிக்கணக்கில் விரியும் கற்பனை அது. இசையும் திரும்பத் திரும்பச் செய்யும் உடலசைவும் அதைத் தூண்டும். காண்பது கற்பனையே என்ற தெளிவு மட்டும் இருக்கும். மனச்சிதைவிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுவே. படிப்பும் வேலையும் உறவும் பாழாகும்போதுதான் இது சிக்கலாகிறது. வெறும் ஆசைக்கனவு சிக்கல் ஆகாது. அமெரிக்க மனநோய்க் கையேட்டிலோ உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ இது இன்னும் தனி நோயாக இடம்பெறவில்லை.