கோவைத் தெருவிளக்கு: எண்ணெய்த் திரி முதல் எல்.இ.டி. வரை

கோவை 1866 ஆம் ஆண்டு நகராட்சியானது. அக்காலத்தில் தெருவிளக்கு என்றால் எண்ணெய் விளக்குத்தான். ஏணியைத் தோளில் சுமந்த பணியாள் மாலைதோறும் வந்து, கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து ஏற்றிச் செல்வார். நிலவு காயும் இரவுகளில் ஏற்றாமல் விட்டு எண்ணெயை மிச்சம் பிடிப்பது அன்றைய நகராட்சிகள் பலவற்றின் வழக்கம். பிறை பார்த்து மாதத்தைக் கணக்கிடும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. சிக்கனம் எல்.இ.டி.யோடு பிறந்ததன்று.

காவிரியின் சிவசமுத்திர மின்சாரத்தால் பெங்களூரு வீதிகள் 1905 இலேயே ஒளிபெற்றன. கொங்கு நாட்டுக்கு நீர்மின்சாரம் வர மேலும் கால் நூற்றாண்டு கடந்தது. நீலகிரியின் பைக்காரா ஆற்று நீரை 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய்களில் இறக்கி, சிங்காராவில் மின்சாரமாக்கும் திட்டம் 1932 இல் செயற்பட்டது. ஆலைகள் பெருகின. மாடு கட்டிக் கவலை இறைத்த தோட்டங்களில் மோட்டார் ஓடலாயிற்று. தெருக்கம்பங்களிலும் மின்விளக்குகள் பரவின.

குண்டு பல்பு, குழல்விளக்கு, பாதரச விளக்கு எனப் பல கடந்து சோடியம் விளக்கு வந்தது. அதன் மஞ்சள் ஒளியில் பச்சைச் சேலைக்கும் நீலச் சேலைக்கும் வேறுபாடு தெரியாது. ஜவுளிக்குப் பேர்போன ஊருக்கு இப்படியொரு விளக்கு! மின்சாரம் போய் வந்தால், விளக்கு ஆறிய பின்னரே மீண்டும் எரியும். மின்வெட்டு மலிந்த 2012 இல் இதை நாம் நன்கறிந்தோம்.

நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த மூவருக்கு 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு ஜனவரியில் நடுவணரசின் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. கோவையும் படிப்படியாக மாறியது. 250 வாட் சோடியம் விளக்கின் பணியை ஏறத்தாழ 120 வாட் எல்.இ.டி. செய்துவிடும். ஆனால் கண்ணைக் கூசும் வெண்ணொளி எல்லாத் தெருவுக்கும் ஏற்றதன்று. 3,000 கெல்வினுக்கு மிகாத இளமஞ்சள் ஒளியே நல்லது என அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016 இல் பரிந்துரைத்தது. மிச்சமாகும் மின்கட்டணத்தில், விளக்கே காணாத சந்துகளுக்குக் கம்பம் நடுவதுதான் முறை என்பது என் கருத்து.

மற்றொன்று. ஏணிக்காரர் நாள்தோறும் வந்ததால், எரியாத விளக்கு எதுவென அவருக்குத் தெரியும். எல்.இ.டி.யிலோ டையோடு நன்றாயிருக்க, உள்ளிருக்கும் மின்சுற்று பழுதாகி விளக்கு அணைவதுண்டு. ஒருவர் சொன்னாலன்றி எவரும் வரமாட்டார். எங்கள் மதரஸாவின் சந்தில் அப்படியொன்று அணைந்து மூன்று வாரமாயிற்று. ஃபஜ்ருக்கு வரும் முதியவர்கள் சுவரைத் தடவியே நடந்தனர். முறையிட எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை. சென்ற வாரம் பத்து வயது மாணவனொருவன் கம்பத்தின் எண்ணைத் தன் பாட நோட்டில் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினான்.