ஒரே கட்டடம், இரண்டு மீன்கள்: பெரிய மீன்களை இடம் மாற்றிய கதை

1980 ஓகஸ்ட் மாதம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இருக்கும் ஸ்ரைன்ஹார்ட் மீன்காட்சியகத்துக்குள் நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு மீன்கள் இருந்தன. ஒன்று 1938இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த நுரையீரல் மீன். மற்றது கரையோர மீனவர் ஒருவரின் வலையில் தற்செயலாக மாட்டி, அப்போதுதான் வந்து சேர்ந்த வெள்ளைச் சுறா. அதற்கு ‘சாண்டி’ என்று பெயர் வைத்தார்கள்.

நுரையீரல் மீனுக்குப் பிற்காலத்தில் ‘மெத்தூசலா’ என்ற பெயர் நிலைத்தது. பைபிளில் மிக அதிக வயதுவரை வாழ்ந்தவராகச் சொல்லப்படுபவரின் பெயர் அது. 2023இல் மரபணுவை வைத்து மீனின் வயதைக் கணித்தபோது 92 அளவில் இருக்கும் என்று சொன்னார்கள். சாண்டியோ நாலு நாள்கூட அங்கே இருக்கவில்லை. ஒரே நிறுவனம், ஒரே ஆட்கள். ஒரு மீனை 80 வருஷத்துக்கு மேல் வைத்திருக்கத் தெரிந்தவர்களால் இன்னொரு மீனை ஏன் ஒரு கிழமைகூட வைத்திருக்க முடியவில்லை?

பதில் மீனின் உடம்பில்தான் இருக்கு. மெத்தூசலா ஏறக்குறைய நாலு அடி நீளம், 18 கிலோ எடை. செவுள்களோடு ஒரு நுரையீரலும் உண்டு. தண்ணியில் ஒட்சிசன் குறைந்தால் மேலே வந்து காற்றை எடுக்கும். அடியில் அசையாமல் மணிக்கணக்காகக் கிடக்கும். கப்பல் தொட்டியில் பசிபிக் சமுத்திரத்தைக் கடப்பதற்கு இதைவிடத் தோதான மீன் கிடைக்காது. பழைய கட்டடத்தை மாற்றிக் கட்டிய காலத்தில், 2004இல் காட்சியகம் தற்காலிக இடமொன்றுக்குப் போய் 2008இல் புதிய கட்டடத்துக்குத் திரும்பியது. கிழவி அந்த இரண்டு இடமாற்றத்தையும் தாங்கிக்கொண்டாள்.

வெள்ளைச் சுறா இதற்கு நேர்மாறு. அது நீந்தினால்தான் மூச்சு. வாயைச் சற்றுத் திறந்தபடி முன்னோக்கிப் போகும்போதுதான் செவுள்களுக்கூடாகத் தண்ணி ஓடும். நிறுத்திவைத்தால் மூச்சுத் திணறும். தூண்டிலிலோ வலையிலோ போராடிக் களைத்த சுறாவின் தசைகளில் அமிலம் சேர்ந்திருக்கும். அதோடு சின்னத் தொட்டிக்குள் திணித்து லொறியில் ஏற்றினால், போய்ச் சேரும்போது பாதி உயிர்தான் மிஞ்சும். 1955இல் கலிபோர்னியாவின் ‘மரின்லாண்ட்’ கொண்டுவந்த வெள்ளைச் சுறா ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. 1981இல் சான் டியாகோவின் ‘சீவேர்ல்ட்’ ஒன்றை 16 நாள் வைத்திருந்து கடலில் விட்டது. 1984இல் மொன்டரே பே மீன்காட்சியகத்துக்கு வந்தது 11 நாளில் இறந்தது. அது எதையுமே சாப்பிடவில்லை.

சாண்டியின் கதையில் ஒரு விசித்திரமும் உண்டு. அவளை விட்டிருந்த தொட்டி வளையம்போலச் சுற்றிவரக்கூடியது. நிற்காமல் நீந்தும் மீன்களுக்கென்றே கட்டப்பட்டது. அதில் ஒரு குறிப்பிட்ட இடம் வரும்போதெல்லாம் சாண்டி தடுமாறிச் சுவரில் மோதினாள். ஆராய்ந்து பார்த்தால், அந்த இடத்தில் 0.125 மில்லிவோல்ட் அளவு மின் வேறுபாடு இருந்தது. எங்கட தோலுக்கு ஒண்டுமே தெரியாத அளவு. சுறாக்களின் மூக்குப் பகுதியிலோ மின்புலத்தை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. சனம் திரண்டு வந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலேயே, அவளைத் திரும்பக் கொண்டுபோய் ஃபாரலோன் தீவுகளுக்கு அருகில் விட்டார்கள். கூட்டம் வருகிற நேரத்தில் காட்சிப்பொருளைக் கைவிடுவது லேசான முடிவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகத் தெரிகிற முதல் முடிவு அதுதான்.

அடுத்த பெரிய மாற்றம் வர 2004 ஆனது. இந்த முறை மொன்டரே பே ஆட்கள் அவசரப்படவில்லை. தெற்குக் கலிபோர்னியாவில் மீனவர் வலையில் சிக்கிய ஒரு குட்டிச் சுறாவை நேரே தொட்டிக்குக் கொண்டுவராமல், மாலிபு கரைக்கு அப்பால் கடலிலேயே அமைத்த பெரிய வலைக்கூட்டுக்குள் மூன்று கிழமைக்கு மேல் விட்டுப் பார்த்தார்கள். ஒழுங்காக நீந்துதா, சாப்பிடுதா என்று பார்த்த பிறகுதான் பயணம். அதுவும் 11,000 லீற்றருக்கு மேல் கொள்ளும், நடமாடும் தொட்டி பூட்டிய லொறியில். போய்ச் சேர்ந்த தொட்டி ஏறக்குறைய 38 இலட்சம் லீற்றர். அந்தச் சுறா 198 நாள் அங்கே வாழ்ந்தது. கூட இருந்த இரண்டு சுறாக்களைக் கடித்துக் கொன்ற பிறகு, 2005 மார்ச் 31இல் அதைக் கடலில் விட்டார்கள்.

இதே காலப்பகுதிக்குள் பிடிக்கிற முறைகளும் மாறியிருந்தன. கைவலையால் அள்ளுவது சின்ன மீனுக்குச் சரி. பெரிய மீனை வலையால் தூக்கினால் அதன் முழுப் பாரமும் ஒரு சில நூல்களில் தொங்கும். செதில் கழரும், தோலை மூடியிருக்கும் சளிப்படை உரியும். அந்தச் சளிப்படைதான் கிருமிக்கு முன்னால் நிற்கிற முதல் வேலி. ஆகவே பெரிய மீனைத் தண்ணியோடு சேர்த்தே தூக்கும் வழக்கம் வந்தது. தண்ணி வழியாத விரிப்பை ஏணை மாதிரிப் பிடித்து, மீனை நீருக்குள்ளேயே அதற்குள் வரவைத்து, பிறகு உயர்த்துவார்கள். மிரளும் மீனுக்கு நீரில் மயக்கமருந்து கலப்பதும் உண்டு. எங்கட சமையலறைக் கராம்பின் எண்ணெயில் இருக்கிற யூஜினோல்கூட மீன்களை மயக்கப் பயன்படுவதுதான். ஆனால் அளவு கொஞ்சம் பிசகினாலும் செவுள் அசைவு நின்றுவிடும் என்பதால், அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இவ்வளவும் தெரிந்த பிறகு எல்லாம் சரிவந்துவிட்டதா? இல்லை. 2005இல் அட்லாண்டாவின் ஜோர்ஜியா மீன்காட்சியகத்துக்கு ‘ரால்ப்’, ‘நோர்டன்’ என்ற இரண்டு திமிங்கிலச் சுறாக்கள் தாய்வானிலிருந்து சரக்கு விமானத்தில் வந்தன. உலகத்தின் மிகப்பெரிய மீனினம் அது. தாய்வானில் அப்போது அவற்றை இறைச்சிக்காகப் பிடிக்க அனுமதி இருந்தது. அந்தப் பங்கிலிருந்து வந்தவைதான் இவை. அதனால், சந்தைக்குப் போகவேண்டிய உயிர்களைக் காப்பாற்றினோம் என்று காட்சியகத்தால் சொல்ல முடிந்தது. பூமிப்பந்தின் பாதியைச் சுற்றிய அந்தப் பயணம் வெற்றி. ஆனால் 2007இல் இரண்டும் இறந்துபோயின. ஒட்டுண்ணிகளை அழிக்கத் தொட்டியில் இட்ட இரசாயனம் அவற்றின் பசியைக் கெடுத்ததாகப் பிறகு சந்தேகிக்கப்பட்டது. மீன் உயிரோடு வந்து இறங்கினால் கதை முடிந்தது எண்டு நினைக்கிறம். அதன் உடம்புக்குக் கதை அங்கேதான் தொடங்குது.

மொன்டரே பேயும் இதை இன்னொரு வழியில் கற்றது. 2004க்கும் 2011க்கும் இடையில் ஆறு வெள்ளைச் சுறாக்களைக் காட்சிக்கு வைத்தது. ஆறாவது 55 நாள் இருந்துவிட்டுக் கடலுக்குப் போய்க் கொஞ்ச நேரத்திலேயே இறந்தது. அதற்குப் பிறகு வெள்ளைச் சுறாவைத் தொட்டியில் வைக்கும் முயற்சியை அவர்கள் தொடரவில்லை. 2016இல் ஜப்பானின் ஒகினாவாவில் மூன்றரை மீற்றர் நீளமான வெள்ளைச் சுறாவைத் தொட்டிக்குள் விட்டபோது அது மூன்றே நாளில் இறந்தது. எப்படிக் கொண்டுபோவது என்ற தொழில்நுட்பம் வளர்ந்துகொண்டே போனது. கொண்டுபோகத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தத் தொழில்நுட்பத்தில் பதில் இல்லை.

இதெல்லாம் எங்களுக்குத் தூரத்துக் கதை எண்டு விட்டுவிட முடியாது. எங்கட வீடுகளிலும் கடைகளிலும் ஒஸ்கார், அரோவானா, ஃபிளவர்ஹோர்ன் வளர்க்கிற ஆட்கள் எத்தனை பேர்! விரல் நீளக் குஞ்சாக வாங்குகிற அரோவானா இரண்டு மூன்று அடிக்கு வளரக்கூடியது. தொட்டி மாற்றுகிற நாள் எப்படியும் வரும். அந்த நாளில் மேலே சொன்ன பாடங்கள் அப்படியே பொருந்தும். புதிய தொட்டியை முதலிலேயே தயார் செய்யுங்கோ. குழாய்த் தண்ணி எண்டால் குளோரின் போன பிறகுதான் பாவிக்கலாம். மாற்றுவதற்கு முதல்நாள் சாப்பாடு போடவேண்டாம். விளக்கை அணைத்து, நீர்மட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் துரத்தாமலே பிடிக்கலாம். தடித்த பிளாஸ்ரிக் பையையோ மூடியுள்ள பெட்டியையோ நீருக்குள் சரித்து வைத்து, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டி, தண்ணியோடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்குங்கோ. தொடவேண்டி வந்தால் ஈரக்கையால் தொடுங்கோ. அரோவானா துள்ளிப் பாயும், மூடியை மறக்கக்கூடாது. புதிய தொட்டியின் நீரைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கிவிட்டு அதற்குள் விடுங்கோ.

ஆனால் இந்தப் பட்டியலுக்கு முன்னால் வரவேண்டிய கேள்வி, கடையில் குஞ்சைப் பார்த்து ஆசைப்படும்போதே கேட்கவேண்டியது: இது வளர்ந்தபிறகு எந்தத் தொட்டிக்குப் போகும்? அந்தத் தொட்டிக்கு எங்கட வீட்டில் இடமில்லை எண்டால், மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். 1980இல், சனம் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே சாண்டியைக் கடலுக்கு அனுப்பியவர்களுக்கு அந்த முடிவு எங்களை விடக் கஷ்டமாக இருந்திருக்கும்.