அனுமதிச் சீட்டும் அதன் விலையும்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கடைசல் வேலையும் வெல்டிங்கும் பழகிய இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குப் புறப்படுங்கால், அவர்தம் பெற்றோர் அரபியில் அச்சிட்ட விசாத் தாளை நம்மிடம் கொணர்ந்து வாசித்துச் சொல்லக் கேட்பதுண்டு. தொழிலின் பெயரையும் தவணையையும் சொல்லிவிடுவோம். "இந்தத் தாளுக்கா இவ்வளவு பணம், ஹஜ்ரத்?" என்னும் அடுத்த கேள்விக்கு அத்தாளில் விடை இராது. கேள்வியோ மிகப் பழையது.

ஹிஜ்ரி 579இல், அதாவது 1183இல், அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற இப்னு ஜுபைர் தம் பயண நூலில் 'மக்ஸ்' என்னும் வரியைப் பற்றி மனம் நொந்து எழுதுகிறார். ஹாஜி ஒருவருக்கு ஏழரை எகிப்திய தீனார். அதனைக் கட்ட இயலாதோர் செங்கடல் துறையாகிய அய்தாபில் வதைக்கப்பட்டனராம். சுல்தான் ஸலாஹுத்தீன் அவ்வரியை ஒழித்து, ஈடாக மக்காவின் அமீருக்குப் பொன்னும் தானியமும் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆயினும் ஈடு வந்து சேரத் தாமதமானால் ஜித்தாவில் ஹாஜிகளே பிணையாக நிறுத்தப்பட்டனர். வழியில் இத்தகைய பறிப்பு இருக்குமாயின் ஹஜ்ஜுக்கு வேண்டிய 'இஸ்திதாஅத்', அதாவது சக்தி, உண்டெனக் கொள்ளலாமா என்று ஃபுகஹாக்கள் விவாதித்தது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பது இதனால் விளங்கும்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கடலையே பூட்டினர். அவர்கள் தரும் 'கர்தாஸ்' என்னும் சீட்டு இன்றிச் செல்லும் கப்பல் பறிமுதலாகும். (அரபியின் 'கிர்தாஸ்' என்பதே அச்சொல்லின் மூலம் என்பாரும் உளர், தாளைத் தந்தவர் பெயரையும் நம்மிடமிருந்தே எடுத்தனர் போலும்!) இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சீட்டுக்கென வாங்கிய கட்டணம் அற்பமே. அதைப் பெற்றவர் போர்த்துகீசியர் துறையில் கப்பலை நிறுத்திச் சுங்கம் செலுத்தியாக வேண்டும் என்னும் நிபந்தனையில்தான் உண்மையான விலை ஒளிந்திருந்தது. மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் நூலில் இக்கொடுமையைப் பதிந்துள்ளார். அக்பரின் அவையில் மக்தூமுல் முல்க் என்னும் ஆலிம், மர்யம், ஈஸா உருவங்கள் பொறித்த சீட்டை ஏந்திச் செல்ல நேர்வதால் ஹஜ் கடமையன்று எனத் தீர்ப்பளித்தார் என்று பதாயூனி எழுதுகிறார். அத்தீர்ப்பு நமக்கு உடன்பாடன்று. அக்காலத்து நெருக்கடிக்கு அது சான்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் பாஸ்போர்ட்டை நிலைபெறச் செய்தது. 1925இல் ஹஜ் பயணிகள் திரும்பி வருவதற்கான சீட்டை முன்னரே வாங்க வேண்டும், அல்லது அதற்குரிய தொகையைக் கட்டிவைக்க வேண்டும் என விதித்தனர். ஜித்தாவில் ஏழைகள் திரும்ப வழியின்றித் தவித்தது அதற்குக் காரணம். நியாயமான காரணமே. எனினும் போகும் செலவுக்கே ஆயுள் முழுதும் சேமித்தவனுக்குச் சுமை கூடியது. ஹாஜிகளிடம் சவூதி அரசு வாங்கிவந்த வரியை மன்னர் அப்துல் அஜீஸ் 1952இல் நீக்கினார். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் அண்டை வீடுபோல் போய்வந்த இலங்கைக்கோ, 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தால் விசா தேவையாயிற்று.

இன்றைய கணக்குக்கு வருவோம். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டின் கட்டணம் 2012இல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. தாம்பரம் சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காக வளைகுடா செல்ல 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அதற்குரிய அரசுக் கட்டணமும் சில நூறு ரூபாயே. சவூதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 40ஆம் பிரிவு, ஆளெடுக்கும் செலவு, இகாமா, வேலை அனுமதி, பணி முடிந்து திரும்பும் சீட்டு அனைத்தும் முதலாளியின் பொறுப்பு என்கிறது.

அப்படியாயின் தாயின் நகையும் வீட்டு மனையும் எங்கே போயின? கர்தாஸின் கதைதான். சீட்டின் விலை வேறு, சீட்டைச் சுற்றி நிற்போர் விலை வேறு. இவற்றுள் மிகக் கொடியது 'ஃப்ரீ விசா' எனப்படுவது. பெயர் கண்டு ஏமாறற்க. இலட்சக்கணக்கில் விலை போவது அதுவே. அதில் பெயர் உள்ள கஃபீல் வேலை தரமாட்டார். வெளியே வேலை தேடிக்கொள்ள வேண்டும். இகாமாவைப் புதுப்பிக்கும் செலவும் தொழிலாளியின் தலையிலேயே விழும். பிடிபட்டால் சட்டத்தை மீறியவனும் அவனே. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது இந்திய அரசின் விதி. அதற்கு ரசீது தருவதும் அவர் கடமை.