விடாமல் தட்டிய கதவு: ஐரீன் பெர்னாண்டஸும் நம் தோட்டங்களும்



மலாக்கா வரலாறு என்றதும் நம்ம பிள்ளைகள் பரமேஸ்வரா, ஹங் துவா, ஆ பாமோசா என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். பாடநூலில் இருக்கிறது, தேர்வுக்கும் வருகிறது. ஆனால் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896-இல் இதே மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யானால் தொடங்கப்பட்டது என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? அதற்குப் பிறகு அசகான், ஜாசின், அலோர் காஜா என்று தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. அந்த வழிகளில் வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தத் தோட்ட மக்களுக்காக நின்ற ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் மலாக்காக்காரர் அல்லர். ஆனாலும் அவர் கதையை மலாக்கா ஆசிரியர்கள் சொல்ல வேண்டிய காரணம் கடைசியில் தெரியும்.

ஒரு விதவையும் ஒரு நீதிபதியும்

விவிலியத்தில் லூக்கா எழுதிய நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன சின்னக் கதை ஒன்று உண்டு. ஓர் ஊரில் ஒரு நீதிபதி. கடவுளுக்கும் பயமில்லை, மனிதரையும் மதிப்பதில்லை. அவனிடம் ஒரு விதவை தினமும் வந்து நிற்கிறாள். அவள் கேட்பது தர்மம் அல்ல, நியாயம். அவன் விரட்டுகிறான், அவள் மறுபடி வருகிறாள். கடைசியில், "இவள் தொல்லை தாங்க முடியலையே" என்று அவன் நியாயம் வழங்குகிறான். சோர்ந்து போகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன கதை இது. ஆனால் அந்த விதவை வீட்டுக்குள் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளுடைய ஜெபம் நடந்துபோய்க் கதவைத் தட்டியது.

ஐரீன் பெர்னாண்டஸின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

வகுப்பறையை விட்டு வெளியே வந்த ஆசிரியை

ஐரீன் 1946-இல் கெடாவில் பிறந்தார். கேரளத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். நம்மைப் போலவே அவரும் முதலில் ஆசிரியராகத்தான் இருந்தார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் முழு மூச்சாக இறங்கினார்.

அந்த இயக்கத்தை பெல்ஜியத்தில் தொடங்கியவர் ஜோசப் கார்டைன் என்ற பாதிரியார். அவர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை மூன்றே சொல்: பார், ஆராய், செயல்படு. முதலில், உன் வேலையிடத்தில் நடப்பதைக் கண் திறந்து பார். அடுத்து, உன் நம்பிக்கையின் வெளிச்சத்தில் அது சரியா என்று ஆராய். பிறகு, உன்னால் முடிந்ததைச் செய். ஜெபத்தையும் நியாயத்தையும் இரண்டு பெட்டியில் பூட்டி வைக்காத முறை இது.

ஐரீன் ஆலைப் பெண்களைத் தொழிற்சங்கமாகத் திரட்டினார். பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்த இயக்கத்தில் முன்னால் நின்றார். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் வந்ததற்குப் பின்னால் அப்படிப்பட்ட பல பெண்களின் உழைப்பு உண்டு. 1991-இல் அவர் தொடங்கிய அமைப்புதான் தெனாகானித்தா. பெண்களின் சக்தி என்று பொருள்படும் மலாய்ப் பெயர்.

மருந்தடிக்கும் அம்மாக்கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'மருந்தடிக்கிற வேலை' என்றால் விளக்கத் தேவையில்லை. முதுகில் களைக்கொல்லிப் பம்பைச் சுமந்துகொண்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே நாள் முழுக்க நடக்கும் வேலை. பெரும்பாலும் நம் பெண்கள்தான் செய்தார்கள். அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். உடலுக்குள் போனால் நுரையீரலை அழிக்கும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. தோலில் பட்டால் புண்ணாகும், நகம் கழன்று விழும், மூக்கில் இரத்தம் வரும். வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டும் கையும் அதே கைதானே!

தெனாகானித்தா இந்தப் பெண்களிடம் பேசி, உடல்நிலையைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்து, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து 2002-இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. அதைப் பார்க்க ஐரீன் உயிரோடு இல்லை.

பதின்மூன்று ஆண்டு வழக்கு

1995-இல் ஐரீன் ஓர் அறிக்கை வெளியிட்டார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அனுபவித்த கொடுமைகளை, 300-க்கும் மேற்பட்டவர்களின் வாய்மொழியைக் கொண்டு எழுதியது. சத்துக் குறைவாலும் நோயாலும் முகாமில் ஆட்கள் செத்தார்கள் என்றது அறிக்கை. பலர் இறந்ததை அரசாங்கமும் பிறகு ஒப்புக்கொண்டது. ஆனாலும் 1996 மார்ச்சில், பொய்ச் செய்தி பரப்பினார் என்று ஐரீன் மீதே வழக்கு வந்தது.

விசாரணை மட்டுமே ஏழு ஆண்டு. நாட்டின் மிக நீண்ட வழக்குகளில் ஒன்று. 2003 அக்டோபரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை. மேல்முறையீடு செய்து ஜாமீனில் இருந்த காலத்தில், 2004 பொதுத் தேர்தலில் நிற்க முடியவில்லை. வாழ்வாதார உரிமை விருது 2005-இல் அவரைத் தேடி வந்தபோதும் வழக்கு முடியவில்லை. 2008 நவம்பர் 24-ஆம் தேதிதான் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. விசாரணைக் குறிப்புகளில் அவ்வளவு குறைகள் இருந்ததால், அரசுத் தரப்பு மேல்முறையீட்டை எதிர்க்கவே இல்லை. அந்த விதவைக்குக் கிடைத்த மாதிரிதான்! நீதி கிடைத்தது, யாரும் மனமுவந்து கொடுக்கவில்லை.

அத்தனை ஆண்டும் அவர் அலுவலகக் கதவு திறந்தே இருந்தது. 2014 மார்ச் 31-ஆம் தேதி, 67 வயதில் அவர் காலமானார்.

நமக்கு இதில் என்ன?

சரி, மலாக்காவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அலோர் காஜா மாவட்டத்தில் மச்சாப் உம்பு இருக்கிறது. அங்கே குடிநுழைவுத் தடுப்பு முகாம் உண்டு. அதே மச்சாப் பெயரில் நமக்கு ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய தோட்டங்களில் இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டால் மனசு கஷ்டப்படும். ஒரு காலத்தில் நம்மைக் கூப்பிட்ட தொனி அப்படியே அதில் இருக்கும்.

ஐரீன் தோட்டத் தமிழ்ப் பெண்ணுக்காகப் பேசினார். பிறகு அவள் இடத்துக்கு வந்த அந்நியத் தொழிலாளிக்காகவும் அதே குரலில் பேசினார். நியாயம் நம்ம ஆளுக்கு மட்டும் என்று அவர் கணக்குப் போடவில்லை. அவருடைய விசுவாசம் நின்ற இடம் அதுதான்.

இந்தக் கதையை மதம் பரப்பச் சொல்ல வேண்டியதில்லை. நம் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் கார்டைனின் மூன்று சொல்லை எந்தச் சமயத்துப் பிள்ளையும் செய்து பார்க்கலாம்:

1. பார்: தோட்டத்தில் வேலை செய்த தாத்தா அல்லது பாட்டியிடம், என்ன வேலை, எத்தனை மணிக்குப் பெரட்டு, என்ன சம்பளம் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.
2. ஆராய்: அதில் நியாயமாக இருந்தது எது, இல்லாதது எது என்று குழுவாகப் பேச விடுங்கள். இன்று அதே வேலையை யார் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள்.
3. செயல்படு: இந்த வாரம் ஒரே ஒரு காரியம். தன் குடியிருப்பில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரை, வீட்டுப் பெரியவர்களோடு போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

முதல் தடவையே எல்லாம் மாறிவிடாது. அடுத்த வாரமும் கேளுங்கள். விடாமல் தட்டுவதுதானே நமக்கும் தொழில்!